என் மருத்துவக் கோப்பில் எழுதப்பட்ட ஒரு சொல் குறித்து

அனுப்புநர்:
நோயாளி எண் 4417,
அச்சகத்தில் பிழை திருத்துபவள், வயது 31.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: என் கோப்பில் உள்ள தவறான குறிப்பை நீக்கவும், என் அண்ணன் மீதான நடவடிக்கையைக் கைவிடவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குப் பிறவியிலேயே அரிவாள் செல் நோய். வட்டமாக இருக்க வேண்டிய இரத்த அணுக்கள் அரிவாளாக வளைந்து, நாளங்களில் சிக்கி, எலும்புக்குள் வலியைக் கிளப்பும். தாங்கள் இதைப் படித்தவர், நான் அனுபவிப்பவள். அந்த வகையில் நாம் ஒரே துறை.

2. சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலை, தொடை எலும்புகள் நொறுங்குவது போன்ற வலி. பள்ளிப் பேருந்து ஓட்டுநரான என் அண்ணன் என்னைத் தூக்கி வந்து அவசரப் பிரிவின் பெஞ்சில் கிடத்தினார். வலி எவ்வளவு என்று பணி மருத்துவர் கேட்டார். பத்துக்குப் பத்து, வாழ்க்கையில் முதன்முறையாக முழு மதிப்பெண் என்றேன். "இவ்ளோ வலி இருக்கறவங்க ஜோக் அடிக்க மாட்டாங்கம்மா" என்றார். எந்த ஊசிக்கு இந்த வலி கேட்கும் என்று நானே சொன்னதையும் குற்றமாகச் சேர்த்து, கோப்பில் 'நடிபு, ஊசிக்காக வருகிறார்' என்று எழுதினார். விடுபட்ட 'ப்'பை அந்த நிலையிலும் கவனித்தேன். தொழில் பழக்கம், மன்னிக்கவும்.

3. சிறு வயதில் நான் அழுதால், நோயைத் தானே கொடுத்துவிட்டதாக அம்மா சமையலறைக்குள் போய் அழுவார். எனவே எட்டு வயதில் அழுகையை நிறுத்திவிட்டுக் கேலிக்கு மாறினேன். பள்ளியில் சோம்பேறி என்றார்கள். "பாக்க நல்லாத்தானே இருக்கே" என்பார் அச்சக மேலாளர். என்னை மணக்க விரும்பிய ஒருவர், நோயின் பெயரைக் கேட்டதும் தொலைபேசி எண்ணையே மாற்றிக்கொண்டார். இவற்றுக்குத் தாங்கள் பொறுப்பல்ல, சும்மா பதிவுக்காக.

4. நான்கு மணி நேரம் பெஞ்சிலேயே கிடந்தேன். இதற்கிடையே கதவில் கால்விரலை இடித்துக்கொண்ட ஒருவர் கட்டடம் அதிரக் கத்தி, உடனே உள்ளே போனார். இதுதான் இங்கே நடைமுறை போலும் என்று புரிந்துகொண்ட என் அண்ணன், தரையில் விழுந்து வயிற்று வலி என்று அலறினார். இரண்டே நிமிடத்தில் கட்டில் கிடைத்தது. உடனே எழுந்து என்னை அதில் படுக்க வைத்து, "ஊசிய இவளுக்குப் போடுங்க" என்றார். மூத்த செவிலியர் ஒருவர் இந்நோயின் அடையாளமான என் கண்களின் மஞ்சளைப் பார்த்து, நோயின் பெயர் இருந்த பழைய கோப்பைத் தேடி எடுத்து, மருத்துவரிடம் வாதாடி ஊசி போட வைத்தார். அந்த அம்மாவுக்கு என் நன்றி சேர வேண்டும்.

5. மருத்துவமனையை ஏமாற்றியதாக இப்போது அண்ணனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துள்ளது. அவர் நடித்தது உண்மை. வயிற்று வலி என்று சொல்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்; அவ்வளவு மோசமான நடிப்பு. அதை நம்பியவர்கள் என்னை நம்பவில்லை என்பதே என் புகார்.

6. அதன்பின் இருமுறை வலி வந்தது. நான் மருத்துவமனைக்கு வரவில்லை. துண்டைக் கடித்தபடி வீட்டிலேயே கிடந்தேன். மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டுமே என்ற பயம் வலியை மிஞ்சிவிட்டது. இந்தப் பத்தியில் கேலி எதுவும் இல்லை ஐயா.

ஆகவே, அக்குறிப்பை அடித்துவிட்டு நோயின் பெயரைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதவும், அண்ணனை விட்டுவிடவும், சிரிக்கிற நோயாளிக்கும் வலி உண்டு என்று அவசரப் பிரிவுக்கு எழுத்து மூலம் ஆணையிடவும் வேண்டுகிறேன். அடுத்த வலி தேதி சொல்லிவிட்டு வராது என்பதால், விரைந்து செய்யவும்.

நாள்: மார்ச் 3
இடம்: வீடு, வெந்நீர்ப் பையுடன்

இப்படிக்கு,
மனுதாரர்

(விரல்கள் வீங்கியிருப்பதால் கையொப்பம் கோணலாக உள்ளது. என்னுடையதுதான்.)