மச்சாளின் பற்றீரியாப் பொடி

மச்சாள்,

இன்று பின்னேரம் பற்றீரியாப் பொடியைத் தண்ணீரில் கரைத்தேன். புளித்த மாவைப் போல ஒரு மணம் வந்ததும் கை நின்றுவிட்டது. நீ இருந்திருந்தால், "என்னகா பாத்துக்கொண்டு நிக்காய்? வெயில் தாழ்ந்திட்டு, அடி" என்று விரட்டியிருப்பாய்.

வெல்லாவெளியில் நம் சோளன் காணிகளுக்கு நடுவே ஒரு வரம்புதானே. படைப்புழு குருத்துக்குள் இறங்கிய அந்தப் போகம் நான் வழக்கம்போலப் புழுவைக் கொல்லும் கிருமிநாசினி அடித்தேன். அதை அடித்து ஒருமுறை மயங்கி விழுந்த நீ, இந்தப் பொடிதான் என்று பிடிவாதமாக நின்றாய். பற்றீரியாவின் புரதம் புழுவின் குடலைப் புண்ணாக்கும், மற்ற உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று எனக்கே பாடம் எடுத்தாய். "இந்தச் சோளனும் பிழைச்சு நட்டமாப் போனா நான் குவைத்துக்குத்தான் போகணும்" என்றும் சொன்னாய். அது எனக்குத் தைத்துவிட்டது.

நீ பொடி அடித்த மறுநாள் கிளினிக்குக்குப் போயிருந்தாய். உன் பக்கம் போய்க் குருத்தை விரித்தால், புழு உயிரோடு நெளிகிறது. என் கிருமிநாசினியை உன் சோளனுக்கும் அடித்தேன். நீ திரும்பி வரும்போது புழுக்கள் சுருண்டு கிடந்தன. நான் அடித்ததை உனக்குச் சொல்லவில்லை. நீயும் பொடியைப் புகழவில்லை, "அடுத்த போகம் பாப்பம்" என்றாய், அவ்வளவுதான்.

அடுத்த போகம் பொடி அடித்த மறுநாளே என்னைக் கூட்டிப்போய் ஒரு குருத்தை விரித்தாய். புழு உயிரோடுதான் இருந்தது, ஆனால் புதிதாக ஒரு கடியும் இல்லை.

"தின்னுறத விட்டிட்டு, பாத்தியா? சாக ரெண்டு மூணு நாள் எடுக்கும். போன முறை அவசரப்பட்டிட்டாய், மச்சாள்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பொறிவண்டெல்லாம் செத்துக் கிடந்திச்சு. பொடி வண்டைக் கொல்லாது. நான் குவைத்துக்குப் போயிருவன் எண்டு பயந்தியாக்கும்?"

ஓம் என்றேன். அழுதும்விட்டேன்.

"போகாத எண்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதுமே. நிண்டிருப்பன்."

இப்போது உன் காணியையும் நானே செய்கிறேன். புழு நெளிந்தாலும் கிருமிநாசினிப் போத்தலைத் தொடுவதில்லை, மூன்று நாள் பொறுத்திருக்கிறேன். ஆனால் மனதில் உள்ளதைச் சொல்ல மட்டும் பொறுப்பதில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால், "போகாத மச்சாள்" என்று வாய்விட்டுச் சொன்னேன். நீ சிரித்தாய். நிற்கத்தான் உன்னால் முடியவில்லை.