செல்லுக்கு வைத்த பொட்டு

1996, ஆயுத பூஜை. இரவு.

தூக்கம் வரவில்லை. மூக்கில் இன்னும் கந்தக நெடி.

எங்கள் லேபில் நாங்கள் செய்யும் பேட்டரி செல்லுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆகாது. ஒரு பக்கம் லித்தியம், மறுபக்கம் கார்பன், நடுவில் அழுத்தி அடைத்த சல்பர் டை ஆக்சைடு திரவம். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றலாம். மூடியின் நடுவே ஒரு கண்ணாடி வளையம். பிளஸ்ஸையும் மைனஸையும் பிரித்து வைப்பது அது ஒன்றுதான்.

காலையில் பூஜை. லேபில் இருந்த எல்லாவற்றுக்கும், என்னோடு வேலை செய்யும் மஞ்சுளா ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். செல்களுக்கு மட்டும், நெற்றி மாதிரி இருக்கிறதென்று, சரியாக அந்த வளையத்தின் மேல். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன், மடச்சி.

சாயங்காலம் லேபைப் பூட்டப் போனால் நெடி. ஒரு செல்லில் ஈரப் பொட்டு வழியே கரண்ட் பாய்ந்து, அதற்கு அடியில் வளையம் கறுத்து விரிசல் விட்டிருந்தது. அதை மணல் வாளியில் புதைத்தேன். மற்றவற்றைத் துடைத்தேன். ஒன்று குறைந்தது. பெங்களூரில் காட்ட எங்கள் லேப் தலைவர் ஸார் மத்தியானமே எடுத்துப் போயிருக்கிறார்.

தசரா கூட்டத்தில் இடிபட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார்.

"இப்பத்தான் ரயிலுக்குக் கிளம்பினாரும்மா."

"மாமி, அந்த செல்லுல இருந்த பொட்டு..."

"உதிர்ந்து போயிருந்தது. நல்ல காரியத்துக்குப் போறது, வெறுமனே அனுப்பலாமா? நானே தண்ணி விட்டுக் குழைச்சு, பெருசா வெச்சு அனுப்பியிருக்கேன்."

ரயில் இந்நேரம் பெங்களூர் வழியில் மத்தூரைத் தாண்டியிருக்கும். செல் இருக்கும் பெட்டியை ஸார் எப்போதும் மடியில்தான் வைத்துக்கொள்வார்.