மேலத்துண்டுக் கொட்டகை

ஒரத்தநாடு
4.6.1971

அன்புள்ள தங்கை வேம்புவுக்கு,

அண்ணன் தியாகேசன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். நீ வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷமாகிறது, ஒரு கார்டுகூடப் போடவில்லை. கோடியக்கரையில் இருக்கிறாய் என்று இப்போதுதான் காதில் விழுந்தது. அதைப் பற்றி இப்போது கேட்கப் போவதில்லை.

ஆட்சிக்காரர்கள் நில உச்சவரம்பைக் குறைத்துவிட்டார்கள். அளவுக்கு மேல் இருப்பதை எடுத்துக்கொள்ள ஆபீசர் வந்திருக்கிறார். செங்கொடிக்காரர்கள் வேறு ஊர் வாசலில் கொடி நட்டு, யார் பெயரில் எந்த நிலம் ஒளிந்திருக்கிறது என்று மனு மேல் மனு போடுகிறார்கள். நம் பண்ணையில் வேலை பார்த்த வைரக்கண்ணுதான் முன்னால் நிற்கிறான்.

நம் வீட்டுச் சுவரை ஒட்டிய, பம்பு செட் கொட்டகை இருக்கும் மேலத்துண்டை அப்பா இருக்கும்போதே உன் பெயரில் எழுதிவைத்தார். விசாரணைக்கு நீ நேரில் வந்து "நிலம் என்னுடையது" என்று சொன்னால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். திருத்துறைப்பூண்டி வரை பஸ்ஸில் வா, அங்கே ஆள் நிற்கும்.

அன்பு அண்ணன்,
தியாகேசன்

கோடியக்கரை
12.6.1971

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. நான் வரமாட்டேன்.

என்னால் பஸ்ஸில் ஏற முடியாது. இங்கே கடைத்தெருவில் பஸ் வந்து நின்று உறுமினாலே எனக்கு டீசல் வாடை தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. மணிக்கட்டில் கயிறு இறுகுகிறது. கயிறு இல்லை என்று கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அப்புறம் பொழுது சாயும்வரை தரையில் கிடப்பேன்.

பம்பு எஞ்சின் வந்த வருஷம் அதை என் அறைச் சுவரை ஒட்டிக் கொட்டகை போட்டு வைத்தீர்கள். நான் அழுதேன், தலையைச் சுவரில் முட்டிக்கொண்டேன். "பழகிடும், ஒரு நாள் பக்கத்துல உக்காந்தா எல்லாம் சரியாப்போயிடும்" என்று சொல்லி, கொட்டகை நடுத்தூணைப் பார்த்தபடி உட்காரவைத்து, கைகளைத் தூணோடு சேர்த்துக் கட்டினீர்கள். கதவைச் சாத்தினீர்கள். அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்கவில்லை. பல்லுக்குள் கேட்டது. பல் எல்லாம் கழன்று விழுந்தால் தேவலை என்று இருந்தது.

வைரக்கண்ணுதான் கதவைத் திறந்தார். என் மேல் கை படாமல் அரிவாளால் கயிற்றை அறுத்தார். உங்களுக்குப் பயந்து அப்படிச் செய்தாரோ என்னவோ, அன்றைக்கு யார் தொட்டிருந்தாலும் நான் செத்திருப்பேன். அதற்காகத்தான் அவரைப் பண்ணையிலிருந்து விரட்டினீர்கள். நான் வாய்க்கால் கரை பிடித்து நடந்தே இங்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே என்னை வைத்திருக்கும் ரசியா பேகம் அக்கா, ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் முன் "வேம்பு, பத்த வைக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பற்ற வைப்பார். நான் வெளியே போய்விடுவேன். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நம் வீட்டில் அது யாருக்கும் முடியவில்லை.

வேம்பு

ஒரத்தநாடு
20.6.1971

வேம்புவுக்கு,

உனக்கு மட்டும்தான் காது இருக்கிறதா? அந்த எஞ்சின் பக்கத்திலேயே பாய் போட்டு நான் தூங்கியிருக்கிறேன். கல்யாண வீட்டில் மேளம் கொட்டினால் மாட்டுக் கொட்டிலில் போய் ஒளிந்தாய். பட்டுப்புடவை உடம்பை அறுக்கிறது என்று பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உருவி எறிந்தாய். ஊர் சிரித்தது. பேய் பிடித்தவள் என்று பெயர் வாங்கிக்கொடுத்தாய். அத்தனையையும் சகித்தவன் நான். புது மாட்டை நுகத்தில் பூட்டினால் துள்ளத்தான் செய்யும், அதற்காக அவிழ்த்தா விடுவார்கள்? உன் நல்லதுக்குத்தான் கட்டினேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

நடந்ததையே சப்பிக்கொண்டிராமல் ஆக வேண்டியதைப் பார். வர முடியாவிட்டால் எழுதியாவது கொடு. பத்திரம் அழுத்தமாக இருக்கிறது. நிலம், கொட்டகை, போர்க் கிணறு எல்லாம் உன் சொத்து, யாராலும் அசைக்க முடியாது. ஆபீசருக்கு அதைத் தைரியமாக எழுது. எழுதாவிட்டால் நான் நேரில் வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போவேன்.

தியாகேசன்

கோடியக்கரை
9.7.1971

அண்ணனுக்கு,

ஆபீசரின் நோட்டீசு எனக்கே தபாலில் வந்தது. இங்குள்ள கர்ணம் முன்னால் வாக்குமூலம் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடியே எழுதினேன். நிலம் என்னுடையது, கொட்டகை என்னுடையது, போர்க் கிணறு என்னுடையது. அதற்கடுத்த வரியில், நிலத்தை வைரக்கண்ணுவுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன் என்று எழுதினேன். குத்தகைக்காரராக அவர் பெயரைப் பதியச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கும் மனு போய்விட்டது. அவரிடம் ஆள் விட்டுக் கேட்டேன். "எஞ்சின் வேணாங்க, ஆத்துத் தண்ணி போதும்" என்று சொல்லி அனுப்பினார்.

கொட்டகையை ஆடிப்பெருக்குக்குள் பிரித்துவிடுங்கள். எஞ்சின் உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள். என் நிலத்தில் அது இருக்கக்கூடாது.

நான் எழுதியது பொய் என்று நீங்கள் ஆபீசரிடம் சொல்லலாம். சொன்னால், இத்தனை நாள் பயிரிட்டது நீங்கள்தான், என் பெயர் வெறும் பெயர் என்று ஆகி, அது உங்கள் நிலமாகிவிடும். உச்சவரம்பில் போய்விடும். அப்புறம் மற்றவர்கள் பெயரில் இருப்பதையும் தோண்டுவார்கள். யோசித்துக்கொள்ளுங்கள்.

தூக்கிக்கொண்டு போவேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியையும் கர்ணத்திடம் காட்டியிருக்கிறேன்.

வேம்பு

ஒரத்தநாடு
5.8.1971

வேம்புவுக்கு,

நீ நன்றாக இருக்கமாட்டாய். கூடப் பிறந்தவனின் கழுத்தை அறுத்துவிட்டு உப்புக்காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். வைரக்கண்ணு என் கண் எதிரே மேலத்துண்டில் நாற்று விடுகிறான். நான் வரப்பில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. உன்னை அசடு என்று நினைத்தது என் தப்பு, நீ விஷம்.

கொட்டகையைப் பிரித்தாயிற்று. எஞ்சினை விற்றாயிற்று. நடுத்தூண் நல்ல பூவரசு, கதவுக்கு ஆகும் என்று பார்த்தேன். அதையும் கீழ்ப்பக்கம் எலி கொறித்துப் பாழாக்கி வைத்திருக்கிறது. விறகுக்குப் போட்டுவிட்டேன்.

இனி உனக்கு அண்ணன் இல்லை. என் சாவுக்கும் வராதே.

தியாகேசன்

கோடியக்கரை
14.8.1971

அண்ணனுக்கு,

இது கடைசிக் கடிதம், பதில் வேண்டாம்.

கொட்டகை போனால் எனக்குச் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். நேற்றுக் கடைத்தெருவில் பஸ் வந்தது. பழையபடி தரையில்தான் கிடந்தேன். ரசியா பேகம் அக்கா தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். தூணைக் கொறித்தது எலி இல்லை. நீங்கள் என்னை உட்காரவைத்துத்தான் கட்டினீர்கள். என் வாய் அந்த உயரத்தில் இருந்தது.

வேம்பு