சிங்க்குக்கு அடியில் கடகட

அக்டோபர் 5, 2006, வியாழன்

சிங்க்குக்கு அடியில் இருக்கிற மெஷின் இன்றைக்கும் கத்தியது. போன வருஷம் மகன் கௌஷிக் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது அம்மாவுக்கு என்று மாட்டிவிட்டுப் போனான். மிச்சம் மீதியைத் தள்ளி, குழாயைத் திறந்து, சுவிட்சைப் போட்டால் அரைத்து அனுப்பிவிடும். இப்போது தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

"உங்க அண்ணன் சிரிக்கிற மாதிரியே இல்ல?" என்றேன் இவரிடம். சிரிக்கவில்லை. "எல்லாம் உன் முருங்கைக்காய்ச் சக்கை" என்றார்.

அக்டோபர் 7

இவர் காலுக்குக் கட்டு மாற்றப் போனோம். சுண்டுவிரல் புண் ஆறவே இல்லை. சர்க்கரை ஏறியிருக்கிறது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்கிறார் டாக்டர். அரிசியைக் குறைத்தாயிற்று, காபியில் சர்க்கரை இல்லை. பின்னே நான் என்னத்தைத் தப்பாகக் கொடுக்கிறேன்?

அக்டோபர் 8

முருங்கைக்காயே வாங்கவில்லை. சத்தம் அதிகம்தான்.

ஒரு அதிசயம். நான் குளித்துவிட்டு வந்தால் இவர் சிங்க்கில் நின்று பாத்திரம் கழுவுகிறார். கல்யாணமான நாளாய் ஒரு டம்ளர் கழுவாத மனுஷன். "யாரு சார் நீங்க, வீடு மாறி வந்துட்டீங்களா?" என்றேன். காதெல்லாம் சிவந்துபோயிற்று.

அக்டோபர் 10

மெஷின் நின்றேவிட்டது. ம்ம்ம் என்று முனகல் மட்டும். "விடு வல்லி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் இவர். நான் விடுவேனா? பக்கத்துக் கட்கிப் பேட்டையில் இருக்கிற எலக்ட்ரீஷியன் ரஃபீக்குக்குப் போன் போட்டேன். இந்த மராத்தி ஊரில் தமிழ் பேசுகிற நம்ம ஊர்ப் பிள்ளை.

"முதல்ல பிளக்கைப் பிடுங்குங்கக்கா. கைய மட்டும் உள்ள விட்டுராதீங்க. டார்ச் அடிச்சு இடுக்கியால எடுங்க. அடியில நடுவுல ஓட்டை இருக்கும், மெஷினோட வந்த சாவியைப் போட்டு ரெண்டு பக்கமும் திருப்புங்க."

டார்ச் அடித்தேன். கறுப்பாக என்னமோ பளபளத்தது. இடுக்கியால் எடுத்தால் சீத்தாப்பழக் கொட்டை. ஒன்றா இரண்டா, ஒரு கிண்ணம்! நாங்கள் இந்த சீசனில் சீத்தாப்பழமே வாங்கவில்லை.

கிண்ணத்தை இவர் முன்னால் வைத்தேன்.

"தோல் அரைஞ்சிடுச்சு வல்லி. கொட்டையும் அரைஞ்சிடும்னு நெனச்சேன்."

அக்டோபர் 11

கஞ்சிக் கிண்ணத்தை இவர் முன்னால் டங்கென்று வைத்துவிட்டு நகர்ந்தேன்.

சாயங்காலம் தாங்காமல் கேட்டேன் — விரல் போனா என்னங்க பண்ணுவீங்க? அப்புறம் கால்னா? நான் கோதுமைக் கஞ்சியைக் கிண்டிக் கிண்டிச் சாவுறேன், நீங்க நான் குளிக்கிற நேரமாப் பாத்து...

அப்புறம்தான் சொன்னார். "கட்டு பிரிக்கறப்போ உயிர் போவுது. அழுதா நல்லாவா இருக்கும்? வெளிய வந்தா வாசல்லயே சீத்தாப்பழம் கூடையில வச்சு விக்கிறான். அதை நெனச்சுக்கிட்டேதான் பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருப்பேன்."

நான் இத்தனை நாளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பொம்பளையிடம் கதை அளந்துகொண்டிருந்தேன். உள்ளே வலிக்குமென்று தோன்றவே இல்லை.

அக்டோபர் 14

கட்டு மாற்றுகிற அறைக்குள் நானும் போனேன். "வெளியே" என்று நர்ஸ் மராத்தியில் விரட்டினாள். எனக்கு மராத்தி தெரியாது என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நின்றேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வளையல் இரண்டு உடைந்தது. "கத்துங்க, இங்க யாருக்குத் தமிழ் புரியப்போவுது" என்றேன். கத்தினார். ஐயோ, என்ன கெட்ட வார்த்தை!

அக்டோபர் 21

தீபாவளி. மெஷின் பூனை மாதிரி உறுமுகிறது, அவ்வளவுதான். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

நவம்பர் 18

புண் மூடிவிட்டது. இனிக் கட்டு வேண்டாமாம். எந்த மருந்துக்குக் கேட்டது என்று டாக்டர் இந்தியில் விசாரித்தார். "மருந்து இல்ல டாக்டர், சிங்க் ரிப்பேர் பண்ணினோம்" என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்தார். "இவரு தலை எப்பவும் அப்படித்தான். நாங்க வந்தது விரலுக்கு மட்டும்" என்றேன்.

திரும்பும்போது ரிக்ஷா வேண்டாம் என்றுவிட்டார். ஸ்டேஷன்வரை நடந்தே வந்தோம். நான்தான் பின்தங்கினேன்.