பை இல்லாத பச்சைக் கோட்டு

அண்ணே,

இன்று காலை ராசா கடைத்தெரு பஸ் நிறுத்தத்தில் ஒருவன் பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான். பத்து மணி வெயில். கழுத்துவரை பித்தான் மாட்டியிருந்தான். மார்பில் இரண்டு பை, இடுப்பில் இரண்டு பை. யாரென்றே தெரியாத அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல் வந்தது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த எரிச்சல் உங்கள்மேல் என்று புரிந்தது. நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நாம் இதே ராசாவில் பாதிக் கடையை வாடகைக்குப் பிடித்து ஆண்கள் உடுப்பு விற்றோம். நீங்கள் முன்னால் நின்று விற்பீர்கள், நான் பின்னால் தைப்பேன். மற்றக் கடைக்காரர்கள் கைலி, பனியன், அரைக்கை சட்டை என்று நிம்மதியாகப் பிழைத்தார்கள். உங்களுக்கு அது போதாது. எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுக்கொண்டு ரஹாங் வரை ஒரு நடை போய்வர வேண்டும். புதுச் சட்டை வாங்கிப் போன ஒருவர், பைக்குள் சுருட்டுத் தூள் கிடக்கிறதென்று திருப்பிக் கொண்டுவந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். நீங்கள் வெட்கமே இல்லாமல், "போட்டுப் பாக்காம எப்படிங்க விக்கிறது?" என்று அவரையே கேட்டீர்கள்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கிருந்தோ மூன்று உருளை பச்சைத் துணியை இறக்கினீர்கள். தடித்த துணி, பட்டாளத்துப் பச்சை.

"அண்ணே, இது வேணாம். காட்டுல இருக்கிறவனும் பச்சை போடுறான், அவனப் புடிக்கப் போறவனும் பச்சை போடுறான். நடுவுல நம்ம ஆளுங்க பச்சை போட்டா யாரு சுடுவான்னே தெரியாதுலா."

"இது பட்டாளப் பச்சை இல்லம்மா. இலைப் பச்சை" என்றீர்கள்.

துணியோடு நின்றீர்களா? பெயர்ப்பலகை எழுதுபவரைக் கூப்பிட்டு 'ஆண்களுக்கு ஜாக்கெட் கிடைக்கும்' என்று கடை வாசலில் எழுத வைத்தீர்கள். கோட்டு என்று எழுதுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்கிறான் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். மறுநாள் ரப்பர் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த பெண்கள் கடை முன்னால் நின்று, "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஜாக்கெட் தைச்சுக் குடுங்க, கை மட்டும் கொஞ்சம் குட்டையா!" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

ஆனாலும் கோட்டு விற்றது. அதை மறுக்க முடியாது. கோலா கிளாவாங் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றில் விடியற்காலைக் குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டுபோனீர்கள். இருபதுக்கு மேல் விற்றது. முதலில் வாங்கியவர் அங்கே பால் வெட்டும் முனியன். பக்கத்துத் தோட்டத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும், நல்லதாக ஒன்று போட்டுக்கொண்டு போக வேண்டும் என்றாராம். நீங்களே காலரைத் தூக்கி விட்டு அனுப்பினீர்களாம்.

ஒரு வாரத்தில் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கடைக்கே வந்து முறையிட்டார். முள்கம்பி வேலி வாசலில், ஒரு பிடி அரிசிகூடக் காட்டுக்குப் போகக்கூடாதென்று ஆள் ஆளாகத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். ஓர் ஆளுக்கு நான்கு பை. நான்கையும் வெளியே இழுத்து உதறிக் காட்ட வேண்டும். வரிசை நகரவில்லை, ஆட்கள் மரத்துக்குப் போய்ச் சேர வெயில் வந்துவிடுகிறது, வேலை வாங்கும் மண்டோர் கத்துகிறார்.

"பையோட இனி ஒரு கோட்டும் உள்ள இருக்கக்கூடாதுன்னு தொர சொல்லிட்டாரு" என்றார் கிராணி.

யாருக்கு வேலை? எனக்குத்தான். இருபத்துச் சொச்சம் கோட்டு திரும்பி வந்தது. ஒவ்வொன்றிலும் நான்கு பையைப் பிரித்தேன். தைக்கும்போது பச்சை நூல் தீர்ந்து பாதிக்கு மேல் நீல நூல் போட்டிருந்தேன். அதைப் பிடுங்கிப் பிடுங்கி விரல் நுனி எரிந்தது. நீங்கள் பக்கத்தில் நின்று, "பையோட மேல் மூடிய மட்டும் விட்டுரும்மா, பாக்க அழகா இருக்கும்" என்றீர்கள். கத்தரிக்கோலை உங்கள்மேல் எறியாமல் இருந்தது என் பொறுமை. ஆனாலும் மார்பு மூடிகளை விட்டுவைத்தேன். பிரித்த பைகளை ஒரு சாக்கில் போட்டு வைத்தேன். நல்ல துணி, அடுப்பில் பாத்திரம் இறக்கவாவது ஆகும் என்று.

பிறகு நடந்ததற்கு இன்றுவரை யாரைக் குற்றம் சொல்வதென்று தெரியவில்லை. ஒருநாள் காலை தோட்டத்து எல்லையில் முனியனை ரோந்துக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். பச்சைக் கோட்டு. மார்பில் வெறும் மூடி, அதன்கீழ் நான்கு மூலையாக ஊசித் துளைகள். பட்டாளச் சட்டையிலிருந்து அடையாளத்தைப் பிடுங்கிவிட்டு, காட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொண்டுபோகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடலாம். இங்கேயே பிறந்தவர் அவர்.

செய்தி வந்ததும் நீங்கள் தலை சீவிக்கொண்டீர்கள். உங்களுடைய பச்சைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டீர்கள்.

"அதப் போட்டுக்கிட்டா போலீசுக்குப் போறீங்க? உங்களுக்குப் பைத்தியமா?"

"கடைச் சரக்குன்னு காட்ட வேணாமா?"

போனவர் வரவில்லை. உங்களையும் உட்கார வைத்துவிட்டார்கள். அண்ணி மாசமாக இருந்தார்கள். சாப்பிடச் சொன்னால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் காலை அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு, பாதுகாப்புக்கு முன்னும் பின்னும் வண்டி வர, மலைப்பாதை பஸ்ஸில் கோலா கிளாவாங் போனேன். ஒவ்வொரு வளைவிலும் காட்டைப் பார்ப்பதா, மடியில் இருக்கும் சாக்கைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் பைகளைக் கொட்டினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், அந்தக் கோட்டைக் கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார்கள். ஒரு பையை எடுத்து மார்புப் பக்கத்தில் வைத்தேன். துளைக்குத் துளை பொருந்தியது. துளைகளில் நான் பிடுங்காமல் விட்ட நீல நூல் துணுக்குகள் இருந்தன. பையின் ஓரத்திலும் அதே நூல். இன்ஸ்பெக்டர் தானே குனிந்து இன்னொரு பையை வைத்துப் பார்த்தார். என் விரல்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை நினைவிருக்கிறதா? "காலர் கசங்கிப் போச்சும்மா."

உங்களை ஏன் பிடித்து வைத்தார்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். "இன்ஸ்பெக்டர் கால்சட்ட நீளம் சரியில்ல, நம்ம கடைக்கு வந்தா சரி பண்ணித் தரேன்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டான்" என்றீர்கள். நம்பினேன். உங்களைத் தெரிந்த யார்தான் நம்பமாட்டார்கள்? மிச்சக் கோட்டுகளைக் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்தேன். அண்டாவைக் கிண்டக் கிண்டத் திட்டினேன். அதோடு விட்டேனா? கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று எங்கே நாலு பேர் கூடினாலும் இந்தக் கால்சட்டைக் கதையைச் சொல்லி உங்களைக் கேலி செய்தேன். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பீர்கள்.

போன மாதம் உங்கள் காரியத்துக்கு முனியன் வந்திருந்தார். கைத்தடி ஊன்றி, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார வைத்தேன். நான்தான் வாய் சும்மா இராமல், "அன்னிக்கு அண்ணன் அந்த இன்ஸ்பெக்டர் கால்சட்டையப் பத்திப் பேசாம இருந்திருந்தா அன்னிக்கே வந்திருக்கலாம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கால்சட்டைம்மா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் பக்கத்து பெஞ்சுலதான் இருந்தேன். 'இந்தக் கோட்டு ஒன் கடையுது இல்லன்னு சொல்லிட்டுப் போ, இப்பவே விட்டுர்றேன்'னான் அந்த இன்ஸ்பெக்டரு. நாலு நாளும் காலையில வந்து கேப்பான். அண்ணன் ஒரே பதில்தான் சொன்னாரு. 'என் கடைத் துணி எனக்குத் தெரியாதா? நான்தான் வித்தேன்'னு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னைக் கப்பல்ல ஏத்தியிருப்பான்."

அண்ணியிடம் கேட்டேன். அவர்களுக்கும் தெரியாது.

ஏன் அண்ணே? ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? வாழ்நாளெல்லாம் சட்டை, காலர், மூடி என்று வாய் ஓயாமல் பேசினீர்களே, இதை மட்டும் ஏன் விழுங்கினீர்கள்? அந்தச் சபைகளில் என்னை முட்டாளாக உட்கார வைத்து, என்னோடு சேர்ந்து நீங்களும் சிரித்தீர்களே. இப்போது கோபப்படவும் எதிரில் ஆள் இல்லை.

அதனால் அந்தக் கதையைச் சொன்ன வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், நான் சொன்னது தப்பு, நடந்தது இதுதான் என்று சொல்லிவிட்டு வருகிறேன். முழங்கால் வலிக்கிறது. சில வீடுகளில் அன்று கேட்டவர்கள் இப்போது உயிரோடு இல்லை, அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வருகிறேன். ரஹாங்கில் இன்னும் இரண்டு வீடு பாக்கி. நாளைக்குப் போக வேண்டும்.

உங்கள் தங்கை