பூவாயியின் முன்பல்

ஆகஸ்ட் 9, 1943. திங்கள்.
விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை.
சுங்கைப் பட்டாணியில் பல் கட்டும் கடை மூடியபின், குளிர்க்காய்ச்சலோடு பாகான் செராய் வந்து இந்தத் தோட்டத்து லயத்து வாசலில் விழுந்தவன் நான். இந்த வீட்டு ராமாயி அக்கா எனக்கு உறவும் இல்லை. அவர் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தன் மரவள்ளிக் கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றினார். என்ன செய்து ஈடுகட்ட? தெரிந்தது பல் வேலை ஒன்றுதான்.
அக்காவின் மகள் பூவாயி, எட்டு வயது. மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. வாய் மூடும்போதெல்லாம் உள்ளே தள்ளுப்படுகிறது. விட்டால் மேல்தாடை முன்னே வளராது, முகம் கோணும். வளரும் எலும்பு தள்ளின பக்கம் போகும். இப்போதே வெளியே தள்ள வேண்டும்.
கம்பி கிடைக்காது. மூங்கிலில் தட்டைக் குச்சி. உள்முனை மேல்பல்லுக்குப் பின்னால், வெளிமுனை மோவாய்ப் பக்கம் சாய்வு. மெல்லக் கடி, விடு. சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம்.

11, புதன்.
வெயில். பூவாயிக் கழுதை, குச்சியைக் கூரையில் சொருகிவிட்டது.
"வலிக்குது மாமா."
"வலிச்சாத்தான் நகரும். கடி."
நான் கத்தியிருக்க வேண்டாம்.

15, ஞாயிறு.
நாள் முழுக்க வாயில் குச்சி. எப்படி மாறினாள்? விசாரித்தேன். குழாயடியில் பக்கத்து வீட்டு அஞ்சலை, "அப்பன் திரும்பி வரணும்னு அலகு போட்டிருக்கியா ஆத்தா?" என்று கேட்டுத் திருநீறு பூசினாளாம். இவளும் தலையாட்டிவிட்டாள். இப்போது லயமே கும்பிடுகிறது.
அக்காவுக்குச் சிரிப்பு. "தம்பி, நீ பல்லு டாக்டரா, பூசாரியா?"
"சிரிக்காதீங்கலா. பல்லு ஆடுது பாருங்க. இப்படியே கடிச்சா விழுந்துரும்."
குச்சியைப் பிடுங்கினேன். அழவில்லை, முறைத்தாள். கடைசியில் ஒப்பந்தம்: முன்பல்லுக்கு நான் சொல்லும் நேரம் மட்டும். மற்ற நேரம் கடைவாயில் சும்மா வைத்துக்கொள்ளலாம்.

24, செவ்வாய்.
தூறல். சவரக்கத்தி துரு.
பல் தாண்டிவிட்டது. கடித்துக் காட்டச் சொன்னேன், மேல்பல் முன்னால். ஆட்டமும் குறைவு. இனி கீழ்ப்பல்லே அதை உள்ளே விடாது. மேல்தாடைக்கு வழி திறந்தாயிற்று.
அக்கா தன் கருவாட்டுத் துண்டை என் தட்டில் வைத்தார். ஈடுகட்டப் போனவன் மறுபடி வாங்கித் தின்றேன். இந்த வீட்டு வாசலில் விழுந்தது என் அதிர்ஷ்டம்.
வேலை முடிந்தது, குச்சியைக் கொடு என்றேன்.
"அப்பா இன்னும் வரலியே மாமா."
கடைவாயில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.
அந்தக் குச்சி நைந்துவிட்டது. புதிது ஒன்று சீவி வைத்தேன்.