பதினோரு குடம், முப்பத்துநாலு படி

திங்கள், ஜூன் 9

வெயில். மழைக்கு எங்கள் மல்காஜ்கிரி விலாசம் இன்னும் கிடைக்கவில்லை போல.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூன்று மாதமாக என் ஷூவுக்கு லேஸ் கட்டிவிடுவது மனைவி கஸ்தூரிதான். குனிந்தால் வயிறு முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறது, கைக்கு இடம் விடுவதில்லை. ரயில்வே ஒர்க் ஷாப்பில் லேஸ் அவிழ்ந்தால் புது ஃபேஷன் என்று சொல்லி அப்படியே நடப்பேன்.

இன்று மெடிக்கல். எடை 91. பிபி 160/100. டாக்டரம்மா தெலுங்கு, தணிந்த குரல். நாலு வாரம் டைம் கொடுத்தார். குறையாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் போடச் சொல்லி எழுதிவிடுவாராம்.

ஸ்டோர் என்றால் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் வாங்கி ஸ்பானர் கொடுப்பது. பதினெட்டு வருடம் முப்பதடி உயரத்தில் உட்கார்ந்து, கொக்கியை இறக்கி அடுத்தவன் டிபன் கேரியரைத் தூக்கி வேடிக்கை காட்டியவன் நான். ஸ்டோரில் யாரைக் கிண்டல் செய்வது? ஸ்பானரையா?

செய்ய வேண்டியது:
– தினம் வீட்டிலேயே உடற்பயிற்சி
– உப்பு குறை, மிர்ச்சி பஜ்ஜி கிடையாது
– செய்ததை எல்லாம் நோட்டில் எழுதிக் கொண்டுவா. எந்த பாஷையானாலும் சரி.

கடைசியைக் கேட்டு பஷீர் சிரித்தான். கிரேனுக்குக் கீழே நின்று சங்கிலி மாட்டி, விசிலடித்து எனக்குக் கைகாட்டுகிறவன். என்னோடு பழகி அரைத் தமிழ் பேசுவான். போன வருடம் அவனுக்கும் இதே நோட்டு.

"அரே மணி பாய், எதுக்கு டென்ஷன்? நான் இருபத்தெட்டு நாளும் ஒரே லைன் எழுதினேன், உருதுல. அந்தம்மா பக்கம் நெறஞ்சிருக்கான்னுதான் பாக்கும். சைன் போட்டுடும்."

சரிதான். எனக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ். கஸ்தூரிக்குப் படிக்கத் தெரியாது. மகள் தீபாவுக்குத் தமிழ் காதில் ஏறும், எழுத்து தெரியாது. ஆக இந்த நோட்டைப் படிக்க என்னைத் தவிர இந்த ஊரில் ஆளில்லை. எடை பார்த்த சிஸ்டருக்குப் புளியங்கொட்டையை விழுங்கின முகம். ‘எக்கண்டி’, ‘திகண்டி’. ஏறு, இறங்கு. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதியாயிற்று. யார் என்ன செய்துவிட முடியும்.

புதன், ஜூன் 11

டிவியில் காலை ஐந்தரைக்கு யோகா. ஹிந்தி. தாடிக்காரர் மூச்சை இழு என்கிறார், இழுத்தேன். விடு என்று சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்த பிறகு காலை நீட்டச் சொன்னார். அறை எட்டடி. கட்டைவிரல் டிவி ஸ்டாண்டில் டணார் என்று இடித்தது. கஸ்தூரி அடுப்படியிலிருந்து, "ஒடஞ்சது யாரு, நீங்களா ஸ்டாண்டா?" என்றாள்.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் படுத்துவிட்டேன். அசதி.

வெள்ளி, ஜூன் 13

தீபா அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறாள். கிளாஸ் முடிந்து இன்டர்நெட் சென்டரில் எனக்காகத் தேடிப் பதினோரு தாள் பிரிண்ட் எடுத்து வந்தாள். எல்லாம் இங்கிலீஷ்.

"டாடி, சால ஈஸி. டுவெண்டி மினிட்ஸ் சாலு, போதும்."

"முதல்ல என்ன எழுதிருக்கு, அத சொல்லு."

"ஸ்டார்ட் பண்ணுமுன்னாடி டாக்டரை அடகாலி அண்ட்டா."

டாக்டர் வீட்டிலேயே செய் என்கிறார். வீட்டில் இருக்கிற தாள் டாக்டரைக் கேள் என்கிறது. நம் ஆபீஸ் ஃபைல் மாதிரியே இருக்கிறது.

அப்புறம் வேண்டியவை: ரப்பர் பாய், இரண்டு டம்பெல், தண்ணீர் பாட்டில், ‘ஆளில்லாத அமைதியான அறை’. எங்கள் வீட்டில் ஆளில்லாத இடம் பரண் ஒன்றுதான். பெண்ணுக்கு நல்ல மனசு. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

மதியம் மிர்ச்சி பஜ்ஜி ஒன்று. ஒன்றரை.

ஞாயிறு, ஜூன் 15

ஆபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் படம், வெள்ளைக்காரன், ஜட்டி. படிக்க வேண்டாம், பார்த்துச் செய்தால் போதும். இத்தனை நாள் தேடியது இதுதான் என்று பஸ் முழுக்கச் சந்தோஷம்.

சாயங்காலம் செய்து பார்த்தேன். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி, கால் இரண்டையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனேன். அதிலிருந்து வெளியே வருகிற பக்கம் கிழிந்திருந்தது.

கஸ்தூரி வந்து பாயைச் சுருட்டுகிற மாதிரி தள்ளிவிட்டாள். "ஏங்க, ஸ்டோருல ஒக்காந்துதான் வேல பாருங்களேன். என்ன கொறஞ்சுபோச்சு?"

அவளை முறைக்கப் பார்த்தேன். கழுத்து திரும்பவில்லை.

செவ்வாய், ஜூன் 17

எடை (கிரானாக் கடைத் தராசு, அரிசி மூட்டை போடுவது): 91. ஒரு வாரம் போயிற்று.

டிவி: ஹிந்தி, கரண்ட் இல்லை. தாள்: இங்கிலீஷ், அறை இல்லை. புத்தகம்: பக்கம் இல்லை.

இன்று கிரேன் கேபினில் உட்கார்ந்து ஷெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் எல்லார் வழுக்கையும் தெரியும், முகம் தெரியாது. பஷீர் மட்டும் அண்ணாந்து பார்ப்பான். ஸ்டோர் ஜன்னலில் கைதான் தெரியும்.

புதன், ஜூன் 18

விடிகிற நேரம். முனிசிபல் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், கீழ்த்தளத்துக் குழாயில் மட்டும். நாங்கள் இரண்டாம் மாடி. படியில் டங் என்று சத்தம். கஸ்தூரி குடத்தை வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. டிவி வைக்கட்டுமா, தாடிக்காரரு வந்திருப்பாரு."

"எத்தன குடம்?"

"பதினொண்ணு. இது நாலாவது. படி முப்பத்துநாலு. பொஸ்தகம் வேணாம், கரண்டு வேணாம். தூக்குறீங்களா?"

தூக்கினேன். மிச்சம் எட்டுக் குடத்துக்குள் எனக்கு நாலு சாமி பெயர் வந்தது. குழாயடியில் பக்கத்து போர்ஷன் லட்சுமம்மா கையைத் தட்டி, "ஏமண்டி, கிரேன் கிந்தகி திகிந்தா?" என்றாள். கிரேன் கீழே இறங்கிவிட்டதா என்று கேட்கிறாள். அத்தனை பெண்களும் சிரிப்பு. "டீசல் தீந்துபோச்சம்மா" என்றேன்.

பதினேழு வருடமாக இதே வீடு. தண்ணீர் எப்படி மேலே வருகிறது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஞாயிறு, ஜூன் 22

மழை! குழாயடி சேறு. பதினொன்றும் நானே. கஸ்தூரி மேல்படியில் நின்று எண்ணுகிறாள், வேண்டுமென்றே ஒன்று குறைத்து. தண்ணீர் வராத நாளில் வெறுங்கையோடு ஏறி இறங்கச் சொல்கிறாள். தீபா அவள் தாளிலிருந்து கழுத்துக்கும் தோளுக்கும் இரண்டு பயிற்சி பொறுக்கி, குச்சி மனிதன் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறாள். குச்சிக்குத் தொப்பை போட்டிருக்கிறாள்.

எடை 89.

வியாழன், ஜூன் 26

தூறல். இதை எழுதத்தான் வேண்டும்.

சீக்கிரம் குறையட்டும் என்று நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் பதினோரு குடம், வெறும் டீ. ஷிஃப்டுக்குப் போய்க் கேபினுக்கு ஏணி ஏறினேன். பாதியில் கண் இருட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஏறிவிட்டேன். இறங்கியிருக்க வேண்டும்.

முதல் லோடு சக்கர ஜோடி. தூக்கும்போது மறுபடி இருட்டு. எத்தனை நேரம் தெரியவில்லை. விசில் கேட்டது, விசில் மேல் விசில். சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. பஷீர் நின்றிருந்த இடத்துக்கு அது வந்திருந்தது, அவன் ஒதுங்கித் தூணை ஒட்டி நின்றிருந்தான்.

டீ டைமில் தன் ரொட்டியைப் பாதி பிய்த்து என் கையில் வைத்தான். "நக்கோ, யாருகிட்டயும் பேசாதே. கேபிள் ஜாம்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்."

கஸ்தூரிக்குச் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்குச் சொன்னால் ஸ்டோர். சொல்லப் போவதில்லை. இங்கே மட்டும்.

புதன், ஜூலை 2

சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன். கண் இருட்டவில்லை. ஆனால் சக்கர ஜோடியைத் தூக்கும்போதெல்லாம் பஷீர் இப்போது இரண்டடி தள்ளி நிற்கிறான். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறான்.

எடை 88. உடம்பு முழுக்க வலி. கொக்கியில் யார் கேரியரையும் மாட்டவில்லை. கீழே ஒருவன், "ஏன்டா மணி, மேலே தூங்குறியா?" என்று கத்தினான்.

திங்கள், ஜூலை 7

மேகமூட்டம். மெடிக்கல்.

எடை 87. பிபி 130/84. டாக்டரம்மா சிரித்தே விட்டார். நோட்டை வாங்கிப் புரட்டினார், பக்கம் எல்லாம் நிறைந்திருந்தது. பேனாவைத் திறந்தார். பிறகு, "இது தமிழா?" என்று கேட்டுவிட்டு எடை மெஷின் சிஸ்டரைக் கூப்பிட்டார்.

சிஸ்டர் நாகர்கோவிலாம்.

நின்றபடியே படித்துத் தெலுங்கில் சொன்னார். புளியங்கொட்டை முகம் வரும்போதும் குரல் மாறவில்லை. அதையும் சொன்னார். புத்தகத்தில் கிழிந்த பக்கம் வந்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன். இனி எந்தப் பக்கம் வரப்போகிறது என்று அப்போதுதான் நினைவு வந்தது.

ஜூன் 26-ஐப் படிக்குமுன் சிஸ்டர் என்னை ஒரு முறை பார்த்தார். படித்தார். பஷீர் ரொட்டி கொடுத்ததைச் சொன்னார், கேபிள் ஜாம் என்ற வரியை மட்டும் சொல்லாமல் தாண்டிவிட்டார். அது எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "மணிகாரு, கீழே ஒரு ஆள் நிற்கிறார் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மூன்று மாதம் ஸ்டோர். பிறகு மறுபடி பார்ப்பாராம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ போட்டேன். குனிந்து லேஸ் கட்டினேன். நானே, இரண்டு காலுக்கும்.

சிஸ்டர் கதவருகில் வந்து, "அண்ணே, தண்ணி தூக்குறத விட்றாதீங்க. சாப்பிட்டுட்டுத் தூக்குங்க" என்றார். ‘திகண்டி’ சொன்ன அதே முகம்.

நோட்டைக் கேட்டேன். என் ஃபைலோடு சேர்த்து நூல் கோத்துவிட்டார்களாம், தர முடியாதாம். இதைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். தேதியைப் பார்க்காமல் கிழித்துவிட்டேன், இன்றையதோடு நாளைய தாளும் வந்துவிட்டது.